ஆறுதல்புரத்து நடுவாசல்

தள்ளினேனா? நானா? அண்ணாச்சி, நாப்பத்திரெண்டு கிலோ இருக்கேன், ஹாஸ்டல்ல பீரோவ நகத்தணும்னாலே பக்கத்து ரூம்ல ரெண்டு பேரக் கூப்பிடுறவ நான். சுண்ணாம்பும் கருப்பட்டியும் கடுக்காத் தண்ணியும் முட்ட வெள்ளையும் அரைச்சுப் பூசி, என் கைய முழுசா நீட்டினாலும் மறுபக்கம் எட்டாத தடிமன்ல, உங்க பாட்டன் பூட்டன் எல்லாம் மண்ணு சுமந்து கட்டின கோயில, நான் ஒரு பக்கமாத் தோளக் குடுத்துத் தள்ளினேன்னு இத்தன பேரு முன்னால சொல்றீங்களே, சொல்லும்போது உங்களுக்கே சிரிப்பு வரலையா? உங்க வீட்டுல குளோரி மதினிக்கு வந்துருச்சு பாருங்க, முந்தானையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

மைக்க அணைக்காதீங்க. நீங்க பேசும்போது நான் அணைச்சேனா? நீங்க சபைக்கு செக்ரட்டரியா இருக்கலாம், கரண்டுக்கு இல்ல.

"டேப்பு வச்சு அளக்கிற வரைக்கும் ஒழுங்கா இருந்துச்சு, இவ அளந்தா, கோயில் விரிஞ்சுருச்சு"ன்னு சொல்றீங்க. சரி. அப்ப தர்மாமீட்டர் வச்சதாலதான் காய்ச்சல் வந்துச்சு. டெய்லர் அளவெடுத்ததாலதான் உங்களுக்குத் தொப்ப போட்டுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல கை தூக்கச் சொல்லப் போறீங்க, நடுவாசலச் செங்கல் வச்சு அடைச்சு, புதுத் தரைக்குக் குறுக்க சுவரு எழுப்பலாமா வேண்டாமான்னு. முடிவு எடுக்கிறதுக்கு முன்னாலயே செங்கல இறக்கியாச்சு, வெளிய அடுக்கி வச்சிருக்கீங்க. அதனால கை தூக்குறதுக்கு முன்னால, மேலிடத்துல இருந்து வந்து உக்காந்திருக்கிற ரெண்டு ஐயாமாருக்கும் தெரியட்டும்னு, நடந்தத நடந்த மாதிரியே சொல்றேன்.

ஐயா, என் பேரு ஷெர்லின். திருச்சிக்காரி. கட்டடம் கட்டுற படிப்பு, நாலாம் வருஷம். பழைய நாட்டுப்புறக் கிறிஸ்தவக் கோயிலாத் தேடிப் போயி அளந்து வரைஞ்சு கொண்டாங்கன்னு காலேஜுல தொரத்தி விட்டாங்க. தேரிக்காட்டுச் செம்மண்ணுல மினி பஸ்சுல ஏறி இறங்கி ஊர் ஊராப் போனேன், ஒரு ஊர்ல சிப்பிய நீத்துப் பூசின சுவரு, கன்னத்த வச்சா சித்திரை வெயில்லயும் ஜில்லுன்னு இருக்கு, ஒரு ஊர்ல தோணி கட்டுற ஆசாரிங்க கூரை போட்டிருக்காங்க, கவுத்துப் போட்ட தோணிக்கு அடியில உக்காந்து ஜெபம் பண்ற மாதிரி இருக்கு, இன்னொரு ஊர்ல கோபுரத்த பாதியில நிறுத்திட்டு மீதிய ஆண்டவர் வந்து கட்டிக்குவாருன்னு சொல்லிட்டாங்க, அதுவும் அழகாத்தான் இருக்கு. கடைசியா ஆறுதல்புரம் வந்தேன். பஸ்ச விட்டு இறங்கும்போதே சொன்னாங்க, "எங்க கோயிலு மாதிரி எங்கயும் பாத்திருக்க மாட்டியம்மா"ன்னு. சத்தியமான வார்த்தை. இவ்வளவு வெக்கங்கெட்ட வரைபடத்த நான் எங்கயும் பாத்ததில்ல.

மொறைக்காதீங்க. மடக்கின கை மாதிரி ஒரு கோயில். முழங்கை இருக்கிற மூலையில பீடம். அங்க இருந்து மேக்க ஒரு கை, தெக்க ஒரு கை. மேலக்கையில உக்காந்தவங்களுக்கும் போதகர் தெரிவாரு, தென்கையில உக்காந்தவங்களுக்கும் போதகர் தெரிவாரு, ஆனா மேலக்கைக்குத் தென்கை தெரியாது, தென்கைக்கு மேலக்கை தெரியாது, நடுவுல அந்த உள்மூலைச் சுவரு நிக்கும். ஆண்டவரு ஒருத்தரு போதும், ஆனா இன்னார் மூஞ்சில நாங்க முழிக்க மாட்டோம்னு அந்தக் காலத்துல ரெண்டு கூட்டமும் பிடிவாதம் பிடிச்சுச்சாம், ஒரு கெட்டிக்காரக் கொத்தனார் தன் கைய மடக்கிக் காட்டி, இப்படிக் கட்டிருவோமான்னாராம், எல்லாரும் அல்லேலூயான்னாங்களாம். அதுல இருந்து எல்லாமே ரெண்டு. வாசல் ரெண்டு. பாடகர் குழு ரெண்டு. சபையே உக்காந்து சாப்பிடுற அசனத்துக்குச் சோத்துக் கொப்பரை ரெண்டு, கறிக் கொப்பரை ரெண்டு. மணி ஒண்ணுதான், கப்பல்ல வந்தது, ஆனா அதுக்குக் கயிறு ரெண்டு, கோயில்பிள்ளை அந்திரேயா அண்ணன் ஒரு தடவ இந்தக் கயிற இழுக்கணும், ஒரு தடவ அந்தக் கயிற இழுக்கணும், இல்லன்னா சண்ட. தென்கை வாசல் தரையோட தரையா இருக்கும். மேலக்கை வாசலுக்கு மட்டும் ஆளுயரத்துக்குப் படி, ஏன்னா ஒசந்தவங்க ஏறித்தானே வரணும்.

போதகரய்யா நிலைமைதான் பாவம். ஒரு வாக்கியம் இந்தப் பக்கம், ஒரு வாக்கியம் அந்தப் பக்கம்னு கழுத்தத் திருப்பித் திருப்பிப் பிரசங்கம் பண்ணி நிரந்தரச் சுளுக்கு. அப்பவும் புகார். "அன்புன்னு வரும்போது அவிய பக்கம் பாக்குதாரு, பாவம்னு வந்தா மட்டும் நம்ம பக்கம் திரும்புதாரு."

வந்த அன்னைக்கே என்னைக் கேட்டாங்க, "நீ எந்தக் கைம்மா?" ரெண்டு கையும் வேணும், டேப்புப் பிடிக்கணும்லன்னேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். உள்மூலையில கொத்தனார் மூலைமட்டத்த வச்சுப் பாத்தேன். பொருந்தல. ஒரு விரல் நுழையுற இடைவெளி. செக்ரட்டரி அண்ணாச்சிகிட்டதான் முதல்ல போயிச் சொன்னேன், மூலை விரியுது அண்ணாச்சின்னு. என்ன சொன்னீங்க? "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." சொன்னீங்கள்ல? மறுநாள் போயி வச்சேன், ரெண்டு விரல் நுழைஞ்சுச்சு. கூடமே ஆட ஆரம்பிச்சிருச்சு அண்ணாச்சி, நான் என்ன பண்ண?

அந்திரேயா அண்ணன்தான் பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டாரு. "கோயிலு கைய நீட்டுதும்மா. எத்தன காலமா மடக்கியே வச்சிருக்கு, மரத்துப் போயிருக்கும்லா"ன்னாரு. சொல்லிட்டு வீட்டுக்குப் போயி நல்லெண்ணெயக் காய்ச்சிக் கொண்டாந்து முழங்கை மூலையில சூடு பறக்கத் தேச்சாரு. அதைப் பாத்துட்டு தென்கைப் பொம்பளைங்க நொச்சியத் தட்டிப் பத்துப் போட்டாங்க, தென்கை போட்டுட்டு மேலக்கை போடலைன்னா மரியாதையான்னு மேலக்கைப் பொம்பளைங்க எருக்க இலைய வதக்கி ஒத்தடம் குடுத்தாங்க, சாயங்கால ஜெபத்துக்கு மணி அடிச்ச உடனே கோயில் பனை உத்திரம் ஒவ்வொண்ணாச் சடசடன்னு சொடக்கு விட்டுச்சு, "ஆங், இப்பம் லேசாயிருக்கும்"னு சொல்லிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. ஊரே அப்படித்தான் எடுத்துக்கிச்சு. மனுசனுக்கு வர்ற பிடிப்பு கோயிலுக்கு வராதா?

கை நீட்டும்போது வழியில இருக்கிறது மேல படத்தான் செய்யும். தென்கை நகரும்போது வேப்பமரம் குறுக்க இருந்துச்சு. சுவரும் ஒடையல, மரமும் சாயல, ஒரு ஞாயித்துக்கிழமை பாத்தா மரம் பெஞ்சுகளுக்கு நடுவுல நின்னு முழுப் பிரசங்கத்தையும் கேட்டுச்சு, கூரைக்குள்ளயே பூ உதுத்துச்சு, அடுத்த வாரம் அந்தப் பக்கமா வெளிய போயி, வழக்கம்போல காக்காயோட நின்னுச்சு. மேலக்கை போன வழியில நம்ம அண்ணாச்சியோட கார் ஷெட்டு. காரும் ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனையில கலந்துக்கிச்சு ஐயா, காணிக்கைப் பை வரிசையா வந்துச்சு, நீட்டுறவரு பழக்கதோஷத்துல காருக்கும் நீட்டிட்டு, ஒண்ணும் விழலைன்னதும் ஒரு பார்வ பாத்துட்டுப் போனாரு. அண்ணாச்சிக்கு அந்தக் கோவம் இன்னும் ஆறல.

அப்புறம்தான் பெரிய சண்டை. நகந்தது யாரு கை? "அவியதான் நம்மளப் பாக்கத் திரும்புதாவ, நாங்க இருந்த இடத்துலதான் இருக்கோம்"னு மேலக்கை. "நாங்க எதுக்குத் திரும்பணும், அவியளுக்குத்தான் தேவை, திரும்புதாவ"ன்னு தென்கை. பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு. ஊருக்கே பொதுவா அசையாமக் கிடக்கிறது கிணறு ஒண்ணுதான், அந்தக் கிணத்து விளிம்புல டேப்ப மாட்டி ரெண்டு கையையும் அளந்தேன். ரெண்டும் நகந்திருக்கு. சரிசமமா நகந்திருக்கு. பீடம் மட்டும் இருந்த இடத்துல இருக்கு. இதச் சொன்ன அன்னைக்குத்தான் அண்ணாச்சி, நான் உங்களுக்கு ஆகாதவளானேன். தென்கை மட்டும் நகந்துச்சுன்னு நான் சொல்லியிருந்தா எனக்கு உங்க வீட்டுல மீன்கொழம்பே கிடைச்சிருக்கும்.

அதுக்குள்ள கோயில்குள்ள என்னல்லாம் நடந்துருச்சு! முதல் வாரம் மேலக்கைக்குத் தென்கையோட காது மட்டும் தெரிஞ்சுச்சு. வரிசையாக் காது. கம்மல் போட்ட காது, கடுக்கன் ஓட்டை தூந்துபோன காது, பென்சில் சொருகின காது. அடுத்த வாரம் மூக்கு. அதுக்கடுத்த வாரம் முழு மொகம், பிறந்ததுல இருந்து ஒரே கூரைக்குக் கீழ இருமிக்கிட்டு இருந்த ரெண்டு பெருசுங்க, "ஓ, அந்த இருமல் நீருதானாவே?"ன்னு பீடத்துக்குக் குறுக்கயே கேட்டுக்கிட்டாங்க. பாவ அறிக்கை நடக்கும்போது பொம்பளைங்க உதட்ட மட்டும் அசைச்சு, "ஏட்டி, அந்தச் சேல எங்க எடுத்த?"ன்னு கேக்க, அந்தப் பக்கத்துல இருந்து கடைப்பேரு உதட்டுலயே திரும்பி வந்துச்சு. பாட்டுதான் பெரிய அதிசயம். ஒருத்தர் கைய ஒருத்தர் பாக்க முடியாம, அரை அடி முன்னப்பின்ன, எதிரொலி மாதிரியே பாடிப் பாடிப் பழகின ரெண்டு குழுவும், அன்னைக்கு முதல்தடவையா எதிர்க்குழுவுல தாளம் போடுற கையப் பாத்துச்சு. மூணாவது அடியில பாட்டு ஒண்ணாச் சேந்துச்சு. ஐயா, ஓடு அத்தனையும் அதிர்ந்து, மேல இருந்த புறாவெல்லாம் எந்திரிச்சு ஒரு சுத்து சுத்தி, திரும்ப அதே இடத்துல உக்காந்துச்சு. அந்திரேயா அண்ணன் சந்தோஷத்துல ரெண்டு கயிறையும் ஒண்ணா இழுத்துட்டாரு. மணி ஒரே மணியாத்தான் கேட்டுச்சு. எப்பவுமே அப்படித்தான் கேட்டிருக்கும்.

கை விரிய விரிய உள்மூலையில இடம் விழணும்ல? விழுந்த இடத்துல செவப்புத் தரை முளைச்சுச்சு, காயம் ஆறுன எடத்துல புதுத்தோல் வர்ற மாதிரி, பளபளன்னு. அதுக்கு மேல கூரையும் கூடவே வந்துச்சு. பக்கத்துச் சுவருல முதல்ல ஒரு மொட்டு, அப்புறம் அது விரிஞ்சு சன்னல். அந்தத் தரை யாரோடதுன்னு பெரியவங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள, பிள்ளைங்க போயி உருண்டு இடம் பிடிச்சுக்கிச்சு. பிள்ளையத் தூக்கப் போன அம்மாமாரு, காத்து நல்லா வருதேன்னு அங்கயே உக்காந்துட்டாங்க. ரெண்டு பக்கத்து அம்மாமாரும். கழுத்துச் சுளுக்குத் தாங்காம போதகரய்யாவும் ஒருநாள் இறங்கி வந்து அந்தத் தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்து பேசினாரு, அன்னைக்கு அன்பும் பாவமும் எல்லாருக்கும் ஒரே தூரத்துல இருந்துச்சு.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? துறைமுகத்துல இருந்து கப்பல் கட்டுற வடம் ஒண்ண வாங்கியாந்து, மேலக்கை நுனியையும் தென்கை நுனியையும் சேத்து இறுக்கிக் கட்டினாரு, இனிமே எப்படி விரியுதுன்னு பாப்போம்னு. அவ்வளவு நீளத்துக்கு, நல்ல வெயில்ல, விறைப்பா ஒரு கயிறு கட்டினா இந்த ஊர்ல என்ன ஆகும்? மேலக்கையில இருந்து சேலையும் தென்கையில இருந்து வேட்டியும் காய வந்துச்சு. நடுவுல ரெண்டும் கலந்துருச்சு. செக்ரட்டரி அண்ணாச்சி ரெண்டு வாரமாப் போட்டுக்கிட்டு இருக்கிற அந்தக் கட்டம் போட்ட சட்டை யாரோடதுன்னு தென்கையில எல்லாருக்கும் தெரியும், மரியாதைக்கு யாரும் கேக்கல. கோயில் தன்பாட்டுக்கு விரிஞ்சுச்சு, வடமும் கூடவே நீண்டு குடுத்துச்சு.

இப்ப அசனத்துக்கு வருவோம். அதுக்குத்தான் இவ்வளவும்.

அசனத்தன்னைக்கு காலையில, மேலக்கைக்காரங்க அவங்க பக்கம் அடுப்பு மூட்டி முதல்ல சோத்த வடிச்சுட்டாங்க, அப்புறம் கறிக் கொப்பரைய ஏத்தினாங்க. தென்கைக்காரங்க அவங்க பக்கம் முதல்ல கறிய இறக்கிட்டாங்க, அப்புறம் சோத்துக்கு உலை வச்சாங்க. அந்த நேரம் பாத்து தேரிக்காடே செவந்து ஓடுற மாதிரி ஒரு மழ. ரெண்டு அடுப்பும் அவிஞ்சுருச்சு. மேலக்கையில வெந்த சோறு இருக்கு, கறி பச்சையாக் கிடக்கு. தென்கையில கறி மணக்குது, சோறு இல்ல. வெறுஞ்சோத்த எப்படித் திங்க? வெறுங்கறிய எப்படித் திங்க? ஊரே நனைஞ்சு நிக்குது, பிள்ளைங்க பசியில கத்துது, ரெண்டு பக்கத்துப் பெருசுங்களும் யாரு முதல்ல கேக்குறதுன்னு வானத்தப் பாக்குறாங்க.

அப்பத்தான் அந்தச் சன்னல் இறங்குச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன். நிலை மெதுவாக் கீழ கீழ வந்து, தரையத் தொட்டு, சன்னல் வாசலாச்சு. படி கிடையாது. யாரு கை வாசலும் கிடையாது. சோத்துக் கொப்பரைய நாலு பேரு தூக்கிட்டு அந்த வழியா உள்ள ஓடினாங்க, கறிக் கொப்பரைய நாலு பேரு தூக்கிட்டு அதே வழியா உள்ள ஓடினாங்க, புதுத் தரையில ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துச்சு. மேல உத்திரம் கடைசிச் சொடக்கு ஒண்ணு விட்டுச்சு பாருங்க, கோயில் நேரா ஆயிருச்சு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரே கோடு, நடுவுல பீடம், இங்க உக்காந்தவன் அங்க உக்காந்தவன் மொகத்தப் பாத்துத்தான் ஜெபிக்கணும்.

குளோரி மதினிக்கு முட்டு ஆப்பரேசன் ஆனதுல இருந்து கோயில் கிடையாது. மேலக்கைப் படியில ஏற முடியாது. தென்கை வாசல் வழியா வரலாம், தரையோட தரைதான், ஆனா செக்ரட்டரி வீட்டம்மா தென்கை வாசல்ல வர்றதான்னு அண்ணாச்சி விடல. இத்தன மாசமா வீட்டு வராந்தாவுல நாற்காலி போட்டு, லவுட்ஸ்பீக்கர்ல வர்ற பாட்டுக்கு அங்க இருந்தே பாடிக்கிட்டு இருந்தவங்க. அன்னைக்கு அந்தக் கொட்டுற மழையில, அவங்கள ரெண்டு கையாலயும் சேத்துத் தூக்கிக்கிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, ஒருத்தர் நடுவாசல் வழியா உள்ள வந்தாரு. யாருன்னு நான் சொல்லணுமா?

மதினிய அங்க தரையில இறக்கி உக்கார வச்சாரு. மதினி பீடத்தப் பாத்து அழுதாங்க, அப்புறம் எதிர்ல இருக்கிற மொகத்தையெல்லாம் பாத்துச் சிரிச்சாங்க. பரிமாறிக்கிட்டு வந்தது தென்கை செல்வக்கனி அக்கா. இலைக்கு முன்னால கரண்டிய நிறுத்திட்டு, "அண்ணாச்சி, இது தென்கைக் கறி. ஊத்தவா, வேண்டாமா?"ன்னு கேட்டாங்க. அண்ணாச்சி சுவரப் பாத்தாரு, உத்திரத்தப் பாத்தாரு, மதினியப் பாத்தாரு.

"பேசுனது போதும், எலும்பாப் பாத்துப் போடு"ன்னாரு.

ரெண்டாவது தடவையும் வாங்கினாரு. மூணாவது தடவ கரண்டி வந்தப்ப, விரலச் சூப்பிக்கிட்டே, செல்வக்கனி அக்கா கண்ண நேராப் பாத்து, "ஏட்டி, இத்தன வருசமா இந்தக் கறி எங்கட்டி இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. அக்கா என்ன சொன்னாங்க? "இங்கதாம் அண்ணாச்சி, சுவத்துக்கு அந்தப் பக்கம்." அந்தப் பந்தியில இருந்த அத்தன பேரும் சிரிச்சாங்க, அண்ணாச்சிதான் முதல்ல சிரிச்சாரு, நான் பாத்தேன், நல்லா இருந்துச்சு அந்தச் சிரிப்பு.

அப்புறம் என்ன ஆச்சு அண்ணாச்சி? மழ விட்டுச்சு, கை காஞ்சுச்சு, செங்கல் லோடு வந்துருச்சு. முன்னோர் வச்ச எல்லைன்றீங்க. அந்தத் திருச்சிக்காரி தள்ளி விட்டுட்டான்றீங்க. நான் நாளைக்குப் பஸ் ஏறிப் போயிருவேன், தள்ளினேன்னே வேணாலும் எழுதிக்குங்க, எனக்குப் பெருமதான், எங்க காலேஜுல கட்டடத்த வரையத்தான் சொல்லித் தருவாங்க, தள்ளவெல்லாம் சொல்லித் தர மாட்டாங்க. ஆனா சுவரு வந்துருச்சுன்னா, மதினி மறுபடியும் அந்த வராந்தா நாற்காலிக்குத்தான் போகணும்.

அதனால சபைக்கு முன்னால ரெண்டே ரெண்டு கேள்வி. அசனத்தன்னைக்கு நீங்க மதினியத் தூக்கிக்கிட்டு எந்த வாசல் வழியா வந்தீங்க? செங்கல் வச்சு அடைச்சதுக்கு அப்புறம், வர்ற ஞாயித்துக்கிழமை அவங்க எந்த வாசல் வழியா வரணும்?

என்னப் பாத்துச் சொல்ல வேண்டாம். அந்தா, பீடத்துக்கு இந்தப் பக்கம் உங்க ஆளுங்க மொகம், அந்தப் பக்கம் செல்வக்கனி அக்கா மொகம், நடுவுல மதினி. இந்தாங்க மைக்கு, ஆன்லதான் இருக்கு. சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி, எல்லாருக்கும் கேக்கட்டும். சொல்லிட்டு, அப்புறம் கையத் தூக்கச் சொல்லுங்க.